சைக்கிள் வாங்கப் போகிறவனுக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் போன வாரமே வந்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் இருந்ததால் உடனே பதில் எழுத முடியவில்லை. நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார், பார்க்கக் கூடாது என்று சொன்னால் "நான் கேக்கத்தான் செய்றேன்" என்கிறார். பையனுக்குப் புனேவில் வேலை. வீட்டில் பாதி நேரம் அவன் என்ன சாப்பிட்டான் என்பதுதான் பேச்சு.

சர்க்கரை ஏறிவிட்டது, டாக்டர் ஏதாவது ஓடு, நீந்து, சைக்கிள் மிதி என்கிறார், மெல்லிய டயர் போட்ட வேகச் சைக்கிள், அதாவது ரோடு பைக், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கு. ஆனால் கடைக்காரர் உனக்கு எடையையும் கியர் எண்ணிக்கையையும்தான் சொல்வார். மீதியை நான் சொல்லிவிடுகிறேன்.

முதலில் பஞ்சர். நாம் பள்ளிக்கூடம் போன சைக்கிளில் வால்டியூப் மாற்றினாலே பாதித் தொல்லை தீரும். ரோடு பைக்கில் வருவது பெரும்பாலும் பிரெஸ்டா வால்வு. அதன் தலையில் இருக்கிற சின்னத் திருகைத் தளர்த்திவிட்டுத்தான் காற்றடிக்க வேண்டும். தெருமுனைப் பஞ்சர் கடை பம்ப் இதற்குப் பொருந்தாது. விரல்நுனி அளவு பித்தளை அடாப்டர் ஒன்று விற்கிறார்கள், அதை எப்போதும் பையில் போட்டுவை. இருந்தாலும் கம்ப்ரஸரைப் பக்கத்தில் விடாதே. கார் டயருக்குச் சுமார் 32 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும், என் 25 மி.மீ. டயருக்கு 90க்கு மேல் வேண்டும். அழுத்தம் இவ்வளவு கேட்டாலும் டியூபுக்குள் இடம் என்னவோ கொஞ்சம்தான். கடைப் பையன் கண்ணை மூடித் திறப்பதற்குள் அளவு தாண்டி, டப்பென்று வெடித்துவிடும். கைப்பம்பில் நூற்றுக்கணக்கில் அடித்துக் கை வீங்கினாலும் அதுதான் நிம்மதி.

பஞ்சருக்குக் காரணம் ஆணி என்றுதான் நினைப்போம். நெடுஞ்சாலையில் பெரிய எதிரி லாரி டயர். டயர் வெடித்துச் சிதறிய துண்டுகள் ஓரத்தில் கிடந்து நைந்துபோக, உள்ளே இருந்த எஃகுக் கம்பி இழைகள் மட்டும் முடியளவில் மிஞ்சும். அது நம் டயரில் ஏறி டியூபைக் குத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. புது டியூப் போட்டுக் கிளம்பினால் ஒரு கிலோமீட்டருக்குள் அதுவும் போய்விடும். டயரின் உட்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிக் கண்டுபிடித்து, சின்ன இடுக்கியால் பிடுங்க வேண்டும். மழை பெய்த மறுநாள் இது இன்னும் அதிகம். ஓடுகிற தண்ணீர் கண்ணாடித் தூள், கம்பி எல்லாவற்றையும் கொண்டுவந்து சாலையோரத்தில் சேர்த்துவிட்டுப் போகிறது. நாம் ஓட்டுவதும் அந்த ஓரத்தில்தானே.

உனக்கு இல்லாத தொல்லை ஒன்று எனக்கு உண்டு: உப்புக்காற்று. சென்னையிலிருந்து கடலோரமாகப் போகிற ஈ.சி.ஆரில் போய்வந்த வண்டியைத் துடைக்காமல் விட்டால் செயினில் துரு தலைகாட்டிவிடும். போதாததற்கு நம் வியர்வை வேறு ஹேண்டில்பார் போல்ட்டுகளில் சொட்டி அரிக்கிறது.

அப்புறம் கியர் கேபிள். அது பெரும்பாலும் நமக்குத் தெரியாமல், கியர் மாற்றும் லிவருக்குள்ளேயே இழை இழையாக அறும். பின் கியர் ஒரே அமுக்கில் மாறாமல் தயங்க ஆரம்பித்தால் அதுதான் அறிகுறி. முழுக்க அறுந்துவிட்டால் பின்னால் செயினை நகர்த்திக் கியர் மாற்றும் டிரெய்லியரின் ஸ்பிரிங் செயினை இழுத்து, ஆகச் சின்னப் பல்சக்கரத்தில் கொண்டுபோய்ப் போடும். அதாவது மிதிக்க ஆகக் கடினமான கியர். எனக்கு அது நடந்தது மாமல்லபுரம் தாண்டி, ஒரு டிசம்பர் காலை. வடகிழக்குப் பருவக்காற்று போகும்போது முதுகில் தள்ளி நம்மைப் பெரிய வீரன் என்று நம்ப வைக்கும், திரும்பும்போது வட்டியோடு கேட்கும். எதிர்காற்றில், ஒரே கியரில், முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. முட்டுக்காடு பாலத்தில் இறங்கித் தள்ளினேன். மீன் கூடையோடு போன ஒரு பெண்மணி "பஞ்சரா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கேபிள் கதையை அங்கே நின்று யார் விளக்குவது?

சத்தம் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி மட்டும் தனிக் கடிதம் எழுதலாம். மிதிக்கும்போது 'கிடுக் கிடுக்' என்று எங்கிருந்தோ வரும். எல்லா மெக்கானிக்கும் பாட்டம் பிராக்கெட், அதாவது பெடல் தண்டுகள் சுழலும் அச்சு, என்பார்கள், ஏனென்றால் மாற்றுவதற்குக் காசு வருவது அதில்தான். நீ முதலில் சீட் தண்டைக் கழற்றித் துடைத்துக் கிரீஸ் தடவிப் போடு. பெடலையும் அப்படியே. அநேகமாகச் சத்தம் நின்றுவிடும்.

சரி, இதெல்லாம் காசும் கை அழுக்கும். கொஞ்ச நாளில் பழகிவிடும். எனக்குப் பழகாமல் இருப்பது சாலைதான்.

ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடப்பதால் அந்தப் பக்கமே போவதில்லை. மிச்சம் ஈ.சி.ஆர். விடிவதற்கு முன் கிளம்பினால் ஏழு, ஏழரை வரை பொறுத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை அதுவும் இல்லை. பெரிய பைக்குகளும் கார்களும் காலைச் சிற்றுண்டிக்குப் பாண்டிச்சேரி போகிற அவசரத்தில் வரும்.

லாரிக்காரர்களை எல்லோரும் திட்டுவார்கள், நான் திட்ட மாட்டேன். ராத்திரி முழுக்கத் தூங்காதவரிடம் மட்டும் பயம். மற்றபடி அவர்களுக்குக் கண்ணாடி பார்க்கும் பழக்கம் உண்டு, தூரத்திலேயே ஒரு ஹாரன் அடித்துவிட்டு இடம் விட்டுப் போவார்கள். கடந்து போகும்போது காற்று முதலில் வெளியே தள்ளும், அடுத்த நொடி உள்ளே இழுக்கும். ஹேண்டிலை இறுக்காமல் பிடித்திருந்தால் ஒன்றும் ஆகாது.

ஆபத்து, நம்மைப் பார்த்த பிறகும் தப்புக்கணக்குப் போடுகிறவரிடம்தான் இருக்கிறது. சைக்கிள் என்றதும் அவர் மனதில் வருவது பால்கேன் மாட்டிய வண்டி, மணிக்குப் பன்னிரண்டு கி.மீ. நாம் தட்டையான சாலையில் முப்பதில் போய்க்கொண்டிருப்போம். மூன்று நொடியில் பால்காரர் பத்து மீட்டர் வருவார், நாம் இருபத்தைந்து மீட்டர் வந்துவிடுவோம். அந்தப் பதினைந்து மீட்டரில்தான் விபத்து நடக்கிறது. என்னை முந்திக்கொண்டு போன கார் ஒன்று, ஒரு காபிக் கடைக்குள் நுழைவதற்காக என் முகத்துக்கு நேரே இடது பக்கம் திரும்பியது. பிரேக் பிடித்து, பின்சக்கரம் வழுக்கி, கதவுக்கு ஒரு முழம் முன்னால் நின்றேன். ஓட்டியவர் என் வயதுக்காரர், இறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "ஸாரி சார், நீங்க இவ்ளோ ஸ்பீடா வருவீங்கன்னு நினைக்கல" என்றார். நான் சொல்வதை அவர் வாயாலேயே கேட்டுவிட்டேன். அவரை எப்படித் திட்டுவது? அதற்குப் பிறகு பகலிலும் முன் விளக்கை எரியவிட்டுத்தான் ஓட்டுகிறேன். திருப்பம் உள்ள இடங்களில் ஓரத்தை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி ஓட்டுகிறேன், இடப்பக்கம் வெட்ட நினைப்பவர் எனக்குப் பின்னால் காத்திருக்கட்டும். ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும்.

எதிர்த்திசையில் வருகிறவர்களுக்கு என்னிடம் இந்தக் கருணை கிடையாது. யூ-டர்ன் தூரம் என்று, விளக்கை ஹை-பீமில் வைத்துக்கொண்டு, நமக்கு இருக்கிற ஒரே ஓரத்தில் நேரே வருவார்கள். 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது இதையும் ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்தார்கள், முதல் தடவைக்கே அபராதம் ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை, சிறையும் உண்டு. விடியற்காலை ஐந்தரைக்கு அதை யார் அவர்களிடம் சொல்வது? அவர்தான் "ஓரமாப் போ" என்று நம்மிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

வேகத்தடையும் அப்படித்தான். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி 3.7 மீட்டர் அகலம், 10 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். எங்கள் உட்தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு சாண் அகலத்துக்குத் தாரைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள், வண்ணமும் அடிப்பதில்லை. நிற்கும் காரின் கதவு திடீரெனத் திறப்பது இன்னொரு பயம். உன் மகள் லண்டனில்தானே இருக்கிறாள், அவளைக் கேள். அங்கே 2022இல் சாலை விதிகளைத் திருத்தி, கதவுக்குத் தூரத்தில் இருக்கும் கையால் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்படித் திறந்தால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். முந்தும்போது ஒன்றரை மீட்டர் இடம் விடவும் அதே விதிகள் சொல்கின்றன. இங்கே ஒன்றரை ஜாண் கிடைத்தாலே கும்பிடு போடுகிறேன்.

சிரிப்பு வரவழைக்கும் தொல்லையும் உண்டு. பைக்கில் பக்கத்திலேயே வந்து, "சார், சைக்கிள் எவ்ளோ?" என்பார்கள். விலை சொன்னால் "இதுக்கு ஒரு ஸ்கூட்டியே வாங்கலாமே" என்று வருத்தப்படுவார்கள். நான் இப்போது பத்தாயிரம் என்று சொல்லிவிடுகிறேன், வீட்டிலும் அதே கணக்குதான், நீ வந்தால் உளறிவிடாதே. நாய்களுக்கு வேகத்தைக் கண்டால்தான் கோபம். இறங்கி, சைக்கிளைக் குறுக்கே பிடித்து நின்றால் அதற்கே என்ன செய்வதென்று தெரியாது.

கோயம்புத்தூரில் உனக்கு வெயிலும் காற்றும் இதைவிட நல்லது. சிறுவாணி சாலை அழகு, மருதமலைப் பக்கமும் ஓட்டலாம். ஆனைகட்டி மட்டும் விடிந்த பிறகு போ. யானை முன்னால் சைக்கிளைக் குறுக்கே பிடித்துப் பயனில்லை.

32 மி.மீ. டயர் நுழைகிற ஃபிரேமாகப் பார். நான் 25இல் ஓட்டுவது பழைய வண்டி என்பதால், அதில் இதற்குமேல் நுழையாது. அகல டயரில் காற்றழுத்தம் குறைத்து வைக்கலாம், உன் இடுப்பு எனக்கு நன்றி சொல்லும். கடைக்காரர் கார்பன் என்பார், அலுமினியம் போதும், மிச்சக் காசுக்கு நல்ல விளக்கும் ஹெல்மெட்டும் வாங்கு. முதலில் சுவரோடு ஒட்டி நின்று, கால்களுக்கு நடுவே தடிப் புத்தகம் ஒன்றை மேலே முட்டும்வரை வைத்து, அதன் விளிம்பிலிருந்து தரைக்கு அள. அதை 0.883ஆல் பெருக்கினால் மிதிக்கும் அச்சிலிருந்து சீட் உயரம் தோராயமாக வரும். ஃபிரேம் அளவை நான் பார்த்துச் சொல்கிறேன். அந்த எண்ணை மட்டும் கடிதத்தில் எழுதாதே, உன் 3ஐயும் 8ஐயும் நம்பி யாரும் சைக்கிள் வாங்க முடியாது. போன் பண்ணிச் சொல்.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி