தீக்காயத்துக்குத் தோசை மாவு வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தீபாவளி நெருங்கும்போது நீங்கள் போடும் பட்டாசு எச்சரிக்கைகளை வருடா வருடம் படிக்கிறேன். பருத்தி உடை உடுத்துங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள் என்கிறீர்கள், நல்லது. ஆனால் கை சுட்டுவிட்டால் அந்தத் தண்ணீரை என்ன செய்ய வேண்டும் என்று யாருமே சொல்வதில்லையே!

போன மாதம் பக்கத்து வீட்டில் சோறு வடிக்கும்போது கஞ்சி சரிந்து நாலு வயதுப் பையனின் காலில் கொட்டிவிட்டது. நான் ஓடிப் போவதற்குள் ஒருவர் தோசை மாவை அப்பிவிட்டார், இன்னொருவர் அதன்மேல் பற்பசையையும் தடவிவிட்டார். ஆஸ்பத்திரியில் அதையெல்லாம் கழுவி எடுத்த பிறகுதான் காயம் எவ்வளவு ஆழம் என்றே டாக்டரால் பார்க்க முடிந்தது, கழுவும்போது அவன் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. பாசத்தில் செய்ததுதான், எனக்கும் சின்ன வயதில் பேனா மை தடவியிருக்கிறார்கள்.

சுட்ட பொருளை எடுத்த பிறகும் சூடு தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். அதைத் தணிப்பது தண்ணீர்தான், மாவோ மையோ இல்லை. குழாயைத் திறந்து சாதாரணத் தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும், குழாயில் தண்ணீர் வராத நேரமென்றால் சொம்பால் மொண்டு மெதுவாக ஊற்றிக்கொண்டே இருக்கலாம். கொஞ்சம் தாமதமாகிவிட்டாலும் 3 மணி நேரத்துக்குள் செய்தால் பலன் உண்டு. ஐஸ் மட்டும் வேண்டவே வேண்டாம், அது தோலை இன்னும் கெடுத்துவிடும். குழந்தையென்றால் காயம் படாத இடத்தைப் போர்த்திவிடுங்கள், உடம்பு குளிர்ந்துவிடக் கூடாது. வளையல், மோதிரம், கொலுசை வீங்குவதற்கு முன்பே கழற்றுங்கள், தோலோடு ஒட்டிய துணியை மட்டும் பிய்க்காதீர்கள். அப்புறம் கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி டாக்டரிடம் காட்டுங்கள். முகத்திலோ கையிலோ மூட்டிலோ பட்டிருந்தால், பெரிய காயமாக இருந்தால், வீட்டில் வைத்துப் பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இந்த வருடம் அந்த வாளித் தண்ணீர் வரிக்குக் கீழேயே "சுட்டால் 20 நிமிடம் தண்ணீர்" என்று ஒரு வரி போடுங்கள் ஐயா. வீட்டில் இருக்கும் பாட்டிகளும் கண்ணாடியில்லாமல் படிக்கிற மாதிரி பெரிய எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, கும்பகோணம்