மனநல மாத்திரை தரும் இடத்திலேயே சர்க்கரையும் பார்க்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் 14 உலக நீரிழிவு நாளையொட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களை முழுவதும் படித்தேன். நடைப்பயிற்சி, சாப்பாட்டு அளவு, பாதப் பராமரிப்பு என்று பயனுள்ள விஷயங்கள் நிறைய இருந்தன. யாருக்கெல்லாம் சர்க்கரை வர வாய்ப்பு அதிகம் என்ற பெட்டிச் செய்தியில் உடல் பருமன், பரம்பரை, கர்ப்ப காலச் சர்க்கரை எல்லாம் இருந்தன. மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மட்டும் இல்லை. நான் அப்படி ஒருத்தி. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 44. ராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி மடித்து பாக்கெட் போடும் வேலை. அண்ணன் வீட்டில் இருக்கிறேன். இருபதுகளின் கடைசியில் எனக்கு மனச்சிதைவு நோய் வந்தது. ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்கும். தெருவில் யார் பேசினாலும் என்னைப் பற்றியே பேசுவதாகத் தோன்றும். ஓலன்சபின் மாத்திரை தொடங்கிய பிறகுதான் அந்தக் குரல்கள் அடங்கின, ராத்திரி தூக்கம் வந்தது, மறுபடி வேலைக்குப் போனேன். அந்த மாத்திரையால்தான் எனக்கு ஒரு வாழ்க்கை திரும்பக் கிடைத்தது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அந்த மாத்திரை பசியைக் கிளப்பிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டுக் கை கழுவி ஒரு மணி நேரம் ஆகாது, மிச்சச் சோறு இருக்கிறதா என்று அடுப்படிக்குப் போக வைக்கும். கூடவே அசதி. 49 கிலோ இருந்த நான் 71 கிலோ ஆனேன். "நல்லா சாப்பிடுறா, நல்லா தூங்குறா, தேறிட்டா" என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். ஓலன்சபின், க்ளோசபின் போன்ற மருந்துகள் எடையையும் ரத்தச் சர்க்கரையையும் கூட்டக்கூடும் என்பது டாக்டர்களுக்குப் புதிய செய்தி இல்லை. 2004-லேயே அமெரிக்காவின் நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து இதற்கு ஒரு நடைமுறை சொல்லியிருக்கின்றன. மருந்து தொடங்கும்போதே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்துக் குறித்துவிட வேண்டும். முதல் மூன்று மாதமும் எடையைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் மாதம் சர்க்கரையைத் திரும்பப் பார்க்க வேண்டும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையாவது. எனக்கு மாத்திரை தந்த இடத்தில் பல வருடம் எடை மெஷினில் ஏறச் சொன்னவர் யாரும் இல்லை. குரல் கேட்கிறதா, தூக்கம் வருகிறதா என்ற இரண்டு கேள்வி, அடுத்த மாதச் சீட்டு, அவ்வளவுதான்.

பிறகு தாகம் எடுக்க ஆரம்பித்தது. குடத்தை விட்டு நகர முடியாது. ராத்திரியில் ஒன்றுக்குப் போக எழுந்துகொண்டே இருப்பேன். எங்கள் நோயில் சிலர் காரணமில்லாமல் தண்ணீர் குடித்துக்கொண்டே இருப்பதும் உண்டு என்பதால், என் தாகத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். "மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு சார், ராத்திரி பூரா நடமாடுறா" என்று மதினி பயந்துபோய்ச் சொன்னார். மாத்திரை அளவு கூடியது. செருப்பு கடித்த புண் ஆறாமல் கால் வீங்கிய பிறகுதான், கட்டுப்போட்ட நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை 340. தாகமும் ஒன்றுக்குப் போவதும் சர்க்கரையின் முதல் அறிகுறிகள் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். வேறு யாராவது போய்ச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ரத்தம் எடுத்திருப்பார்கள். மனநோய்ச் சீட்டு கையில் இருப்பதாலேயே எங்கள் உடம்பு சொல்வதை யாரும் கேட்பதில்லை. இதுதான் எனக்கு ஆறாத வருத்தம்.

சர்க்கரைக்கு மருந்து தொடங்கிய பிறகும் இதே கதை. மெட்ஃபார்மினோடு கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். சாப்பாடு தாமதமானால் சர்க்கரை இறங்கிவிடும்: கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், எரிச்சல் வரும், பேச்சு குழறும். ஒருநாள் வேலையிடத்தில் அப்படி ஆனபோது, "இவளுக்கு மூளை திரும்பிருச்சு, வீட்டுக்கு ஆள் அனுப்புங்க" என்றார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவுக்கும் சர்க்கரை உண்டு. அவர்தான் புரிந்துகொண்டு இனிப்பு டீ வாங்கிக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் எழுந்து வேலை பார்த்தேன். வீட்டில் மனநோயாளி இருக்கிறவர்கள் தயவுசெய்து இதைத் தெரிந்துகொள்ளுங்கள். திடீரென்று நடத்தை மாறினால் முதலில் சர்க்கரையைப் பாருங்கள். பார்க்க வழியில்லை, ஆள் நினைவோடு விழுங்கும் நிலையில் இருக்கிறார் என்றால் சீனியாவது கரைத்துக் கொடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "அந்த மாத்திரையாலதானே சுகர் வந்துச்சு, நிறுத்திப் போடு" என்று சொல்லாத சொந்தம் கிடையாது. நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் நோய் திரும்பும், அப்புறம் சர்க்கரை மாத்திரையையும் யார் சொன்னாலும் வாயில் வைக்க மாட்டோம். டாக்டரிடம் கேட்டால் வழி இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாக அரிபிப்ரசோல் என்ற வேறொரு மனநல மாத்திரைக்கு மாற்றினார்கள். எடை ஆறு கிலோ இறங்கியது, சர்க்கரையும் ஓரளவு கட்டுக்குள் வந்தது. எல்லோருக்கும் இப்படி மாற்ற முடியாது. க்ளோசபினுக்கு மட்டுமே நோய் அடங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் சர்க்கரைக் கவனிப்பு இன்னும் அதிகம் வேண்டும்.

மனநல டாக்டர் எங்கள் ஊர்ப் பக்கம் வருவது ஒரு கிழமை, சர்க்கரைக்குப் பார்ப்பது இன்னொரு கிழமை. இரண்டு நாள் கூலி போகும். இரண்டில் ஒன்றை விட வேண்டியிருந்தால் பலர் விடுவது சர்க்கரையைத்தான். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் வரும் நாளிலேயே அங்கே ஒரு எடை மெஷின், இன்ச் டேப், சர்க்கரை பார்க்கும் கருவி, பிரஷர் கருவி இருந்தால் போதும். புதிய கட்டடம் கேட்கவில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சர்க்கரையும் பிரஷரும் பார்க்கிறார்கள். அந்தச் சகோதரிகளிடம் மனநல மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பட்டியலையும் கொடுத்து, அந்த வீடுகளுக்கு முதலில் போகச் சொல்லலாம். உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக மனநோய் உள்ளவருக்கும் எல்லா மருத்துவ வசதியும் கிடைக்க வேண்டும் என்று 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டு முன்னதாகவே இறக்கிறார்கள், பெரும்பாலும் உடல்நோய்களால் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இதற்கு மேல் என்ன காரணம் வேண்டும்?

உங்கள் நாளிதழில் ஒரு மனநல டாக்டரையும் ஒரு சர்க்கரை டாக்டரையும் ஒன்றாக உட்கார வைத்து, எங்களைப் போன்றவர்களின் கேள்விகளுக்குப் பதில் வாங்கிப் போடுங்கள். கேள்வி எழுதி அனுப்ப நான் தயார். என் பெயரை மட்டும் போட வேண்டாம். அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
விருதுநகர் மாவட்டம்