படைப்புக்கு இடம் விடும் நிறம்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். மீண்டும் கேமராவைக் கையில் எடுத்துவிட்டீர்கள் என்று உங்கள் கடிதத்தில் படித்து மனம் நிறைந்தது. நான் எதில் மூழ்கியிருக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். ஓவியர்களும் ஒளிப்படக் கலைஞர்களும் தங்கள் படைப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்கான இணையத்தளம் ஒன்றுக்கு லோகோ, வண்ணம், எழுத்துரு, பேசும் தொனி என்று முழு அடையாளத்தையும் வடிவமைக்கும் பொறுப்பு நான்கு மாதங்களாக என்னிடம் இருக்கிறது.

தொடக்கத்தில் தவறான வழியில்தான் போனேன். படைப்பாளிகளின் தளம் என்றால் வண்ணம் துள்ள வேண்டும் என்று எண்ணி, ஐந்து தூரிகைத் தீற்றல்கள் பின்னிக்கிடக்கும் லோகோவையும் அடர்ந்த ஆரஞ்சுப் பின்னணியையும் வரைந்தேன். உலாவியின் தாவலுக்காக 16 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கியதும் ஐந்து தீற்றல்களும் குழைந்து வெறும் கறையாகிவிட்டன. அதையாவது எளிமையாக்கிச் சரிசெய்துவிடலாம். என்னை உலுக்கியது நிறம்தான். சாம்பல் நிறக் கரிக்கோல் ஓவியம் ஒன்றை அந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தபோது, ஓவியர் மூடுபனியாகத் தீட்டியிருந்த பகுதி முழுவதும் நீலம் பாய்ந்து தெரிந்தது.

பாரிஸின் கோபெலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவை நடத்திய வேதியியலாளர் செவ்ருல், கறுப்பு நூலின் நிறத்தில் அழுத்தம் போதவில்லை என்ற புகாரை ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் ஓடும் நிறங்களால் வருவது என்று கண்டறிந்து 1839-இல் விரிவாக எழுதினார். இதை அறிந்திருந்தும் கோட்டைவிட்டேனே என்று வருந்தினேன். பிறர் தீட்டிய நிறத்தை மாற்றிக் காட்டத் தளத்துக்கு எந்த உரிமையும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே ஆரஞ்சை லோகோவுக்குள் ஒடுக்கி, படைப்புகளைச் சுற்றி நிறச்சாயல் இல்லாத வெளிர்சாம்பலை வைத்தேன். சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவுக்குக் குறையாமலும் பார்த்துக்கொண்டேன்.

நிறம் ஒதுங்கிய பிறகு, தளத்தின் தனித்தன்மையைச் சொற்கள்தான் சுமக்க வேண்டியிருக்கிறது. வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலைகளைப் பகிர்ந்துகொள்ள 2009-இல் தொடங்கிய டிரிபிள் (Dribbble) என்ற தளம், கூடைப்பந்தைத் தட்டிக்கொண்டு செல்வதைக் குறிக்கும் சொல்லைப் பெயராகக் கொண்டு, உறுப்பினர் பகிரும் படத்துக்கும் 'ஷாட்' என்றே பெயரிட்டது. அந்த ஒரு சொல்லே உறுப்பினர்களை ஒரே ஆட்டக்களத்தில் சேர்த்துவிடுகிறது. புதிதாகச் சேர்ந்தவர் தம் பக்கத்தைத் திறந்ததும் 'பதிவுகள் எதுவும் இல்லை' என்று காட்டிய வரியை, 'உங்கள் முதல் படைப்புக்காக இந்த இடம் காத்திருக்கிறது' என்று மாற்றினேன். லோகோவுக்குச் செலவிட்ட நாள்களைவிட இந்த வரிக்குச் செலவிட்ட மாலைப்பொழுதே எனக்கு நிறைவளித்தது.

உங்களிடம் ஓர் உதவி வேண்டும். நிழல் மிகுந்த கறுப்புவெள்ளைப் படங்கள் நான்கைந்தை அனுப்பிவையுங்கள். அவற்றை அந்தச் சாம்பலின் மீது வைத்து உங்கள் பார்வைக்கு அனுப்புகிறேன். கையிலிருக்கும் அச்சுப் பிரதிகளோடு ஒப்பிட்டு, நிழலின் ஆழம் அப்படியே இருக்கிறதா என்று நீங்கள் சொன்ன பிறகே அந்த நிறத்தை முடிவுசெய்வேன்.

அன்புடன்,
உங்கள் நண்பன்