பெட்டைக் குட்டிகளை ஆர் எடுப்பது? வன்னியின் பிரதேச சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தவிசாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

கரைச்சி, பூநகரி, புதுக்குடியிருப்பு, கரைதுறைப்பற்று, துணுக்காய், மாந்தை கிழக்கு, வவுனியா வடக்கு என்று நீங்கள் எந்தச் சபையில் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். கைவிடப்பட்ட நாய்க்குட்டிகளையும் பூனைக்குட்டிகளையும் எடுத்துத் தேற்றி, வீடு பார்த்துக் கொடுக்கிறவர்களில் நானும் ஒருத்தி. எங்களுக்குச் சங்கமும் இல்லை, கட்டடமும் இல்லை. ஆளாளுக்கு வீட்டு விறாந்தையில் ஒரு பெட்டி, ஒரு பழஞ்சாக்கு, அவ்வளவுதான்.

குட்டி கேட்டு வருகிறவர் வாசலில் நின்றபடியே "கடுவன் இருக்கோ?" என்பார். கச்சான் தோட்டத்துக்குள் குரங்கும் பன்றியும் இறங்குகின்றன, காவலுக்கு ஒன்று வேண்டும். "பெட்டையும் நல்லாக் குரைக்கும் அண்ணை" என்றால், "அது சரி தங்கச்சி, வருசத்துக்கு ரெண்டு தரம் குட்டி போட்டால் ஆர் பாக்கிறது?" என்று திருப்பிக் கேட்பார். அவரில் என்ன பிழை? பெட்டை நாய் ஆறேழு மாதத்திலேயே பருவத்துக்கு வந்துவிடும். சினைப்பட்டால் இரண்டு மாதம்தான். பூனை இன்னும் கெதி.

அதனால்தான் சந்தைக்குப் பின்னாலும் கோயில் வீதியிலும் கிடக்கிற உரப்பையை அவிழ்த்தால் உள்ளே அநேகமாக எல்லாம் பெட்டைகளாக இருக்கின்றன. கடுவன்களை அயலட்டை முன்னமே எடுத்திருக்கும்.

சனத்துக்கு இரக்கம் இல்லையென்று சொல்லிவிடாதீர்கள். 2008இலும் 2009இலும் யுத்தத்துக்குள் இடம்பெயரும்போது நாயை அவிழ்த்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஓடிய சனம் இது. கூலி வேலைக்குப் போகிற வீட்டுக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சைச் செலவு தாங்காது. இருக்கிற அரசாங்கக் கால்நடை வைத்தியருக்கோ மாடு, ஆடு, கோழி என்று பிரிவு முழுக்க வேலை.

எடுத்த குட்டியைத் தேற்றுவதும் சும்மா இல்லை. கண் திறக்காததென்றால் இரவிலும் எழும்பி எழும்பி ஊசியில்லாத சிரிஞ்சால் பால் பருக்க வேண்டும். வெறும் பசுப்பால் பலதுக்கு ஒத்துக்கொள்ளாது, வயிற்றால் போகும். காதுக்குள் உண்ணி அப்பிக்கிடக்கும். இதெல்லாம் தாண்டி வரும்போது குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் நோய் வந்தால் ஒரு பெட்டிக் குட்டிகளும் சில நாட்களில் முடிந்துவிடும். தப்பினதுக்கு வீடு தேடினால், மறுபடியும் அதே கேள்வி.

சபைகளில் 'கட்டாக்காலி நாய்த் தொல்லை' என்று பேச்சு எழும்போது, பிடித்துக் காட்டுக்குள் விடுவோம் என்று ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. காட்டில் விட்ட நாய் சாப்பாட்டுக்கு ஏ-9 வீதிக்குத்தான் வரும். அது இருந்த இடத்துக்கு வேறு நாய் வரும். தெருநாய்களைக் கொல்வதில்லை என்று அரசு 2006இலேயே முடிவெடுத்துவிட்டது. விசர்நாய்த் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகப் போடுகிறது, நல்ல விஷயம். ஆனால் அது விசரைத் தடுக்குமே தவிரக் குட்டியைத் தடுக்காது. குட்டியைக் கொண்டுவந்து விடுகிறவர்களுக்குத் தண்டம் போடலாமே என்பீர்கள். 1907இல் எழுதிய மிருகவதைச் சட்டத்தில் ஆகக்கூடிய தண்டம் 100 ரூபா. இன்றைக்கு அது குட்டியைச் சாக்கோடு கொண்டுவரும் ஓட்டோக் கூலிக்கும் காணாது.

நாய்களைப் பதியும் பொறுப்பு 1901ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே உள்ளூராட்சி மன்றங்களுடையது. அந்தப் பதிவை ஒழுங்காகச் செய்து, அடுத்த பாதீட்டில் கருத்தடைக்கென்று ஒரு தொகையை ஒதுக்குங்கள். மாதம் ஒரு நாள், சபைக்குச் சொந்தமான ஏதாவதொரு மண்டபத்தில், கால்நடைத் திணைக்களத்தோடு பேசி பெட்டை நாய்களுக்கும் பூனைகளுக்கும் முதலிடம் கொடுத்துச் செய்யலாம். கடுவன்களைப் பிறகு பார்ப்போம். குட்டி போடுவது அதுகள் இல்லையே. தனிச் சபைக்குப் பாரமென்றால் பக்கத்துச் சபையும் சேரட்டும்.

நாய்களைப் பிடித்துக் கொண்டுவருவது எங்கள் வேலை. தெருவில் நிற்பவற்றைத் தையல் காயும் வரை, பத்து நாளென்றாலும், எங்கள் வீடுகளில் வைத்துப் பார்ப்போம். எந்த வீட்டில் பெட்டை நிற்கிறது என்ற விவரமும் எங்களிடம் இருக்கிறது. நீங்கள் திகதியைச் சொன்னால் பட்டியலோடு வந்து சந்திக்கிறோம்.

இப்படிக்கு,
குட்டிகளுக்கு வீடு தேடுகிறவர்களில் ஒருத்தி,
புதுக்குடியிருப்பு