பொறுக்கிற சூடு

அன்புள்ள மாமாவுக்கு,

பத்திரிகை கிடைத்தது. தபாலில் கிடைத்தது. செவ்வாய்ப்பேட்டையிலிருந்து அஸ்தம்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் ஒரு டிக்கெட் தூரம், அதற்கு ஸ்டாம்பு ஒட்டி அனுப்பியிருக்கிறீர்கள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது, முகவரி அக்கா கையெழுத்து. உங்கள் அறுபதுக்கு நீங்களே ஸ்கூட்டரில் வந்தீர்கள். தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை வைத்துக் கொடுத்து, காபி வேண்டாம் மோர் கொடு என்று கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுப் போனீர்கள். எழுபதுக்குத் தபால்காரர் வந்தார். சரி, அதைப் பேச வரவில்லை.

வருகிறேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லலாம், நீங்கள் எடுப்பதில்லை. இங்கே எழுதினால் அக்கா வாசித்துக் காட்டுவாள். என் ஏற்காடு பஸ் கதைகளை எல்லாம் அப்படித்தானே கேட்டீர்கள். கூடவே தெரிந்தவர்கள் தெரியாதவர்கள் நாலு பேர் படிப்பார்கள், துபாயிலிருந்து உங்கள் பையனும் படிப்பான். அவன் படிக்கத்தான் வேண்டும்.

நாளையோடு இரண்டு வருஷம் ஆகிறது.

கால் என்ன ஆனது, எத்தனை ஆபரேஷன் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். செலவைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். யார் கொடுத்தது, யார் திருப்பினது, யார் இன்னும் திருப்பவில்லை என்பது நம் இரண்டு பேரோடு இருக்கட்டும். அந்த வாளியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நமக்கு அது ஏழாவது தை. 2016-ல் உங்கள் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் போனோமே, சாப்பாடு முடிந்து எல்லோரும் வேனில் தூங்கிக்கொண்டிருக்க, நாம் இரண்டு பேரும் மட்டும் பஸ் ஏறித் தரங்கம்பாடியில் போய் இறங்கினோமே, அன்று பிடித்த பைத்தியம். சேலத்துக்காரனுக்கு மீன் என்றால் மேட்டூர் மீன், தூண்டில் என்றால் மூக்கனேரியில் ஜிலேபி. கரையில் நின்றபடியே கடலில் தூண்டில் போடலாம் என்பதே நமக்கு அன்றுதான் தெரிந்தது. டேனிஷ்காரன் கோட்டைக்கு எதிரே ஒரு பெரியவர் ஈயக்குண்டு கட்டிய தூண்டில் நரம்பைக் கையாலேயே சுழற்றி வீசி, கிழங்கான் கிழங்கானாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கோட்டை 1620-ல் கட்டினது மாமா என்று சொன்னேன். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் விரலையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

நாற்பது வருஷம் கொலுசுக்கு வளையம் கோத்த கை. மறு தையிலேயே பிடிபட்டுவிட்டது. "மீன் தொடுறது வேற, அலை இழுக்கிறது வேற. ஆள்காட்டி விரல்ல தனித்தனியாத் தெரியுது மாப்பிள்ளை" என்றீர்கள். எனக்கு ஏழு வருஷமாகியும் தெரியவில்லை. கண்டக்டர் விரலுக்கு நோட்டு எண்ணத்தான் தெரியும்.

வருஷத்துக்கு நாலு நாள். மயிலாடுதுறை வரை ரயிலோ பஸ்ஸோ, அங்கிருந்து டவுன் பஸ். ஒரே அறை, இரண்டு தூண்டில், அரைக்கிலோ இறால் இரைக்கு. பிடித்த மீனை மெஸ்காரம்மாவிடம் கொடுத்தால் பாதியைப் பொரித்துக் கொடுப்பார், மீதி அவருக்கு. பேரன் பேத்திகளோடு கொடைக்கானல் போகாமல் இரண்டு கிழங்கள் இரையும் கையுமாக ஒரு ஊருக்குப் போகின்றன என்று வீட்டில் சிரித்தார்கள். நடுவில் கொரோனா ஒரு தையைத் தின்றது. கடல் தின்றது போக மீதி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலைக் காட்டி ஒருமுறை சொன்னீர்கள்: "1306-ல கட்டினதாம். இதுக்கும் சுகர் வந்துடுச்சு பாரு, கொஞ்சம் கொஞ்சமாப் போகுது." அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தேன். இப்போது அந்த வாக்கியம் நடுராத்திரியில் வருகிறது.

அன்றைக்குச் சாயங்காலம் நான்தான் கெளுத்தியைப் பிடித்தேன். முள்ளுக்குப் பயந்து, ஈரத் துண்டால் பிடித்து, தூண்டிலைக் கழற்றிப் பின்னால் மணலில் எறிந்தேன். தண்ணீரில் விட்டிருக்கலாம். விடவில்லை. நீங்கள் நரம்பை இழுத்துக்கொண்டே இரண்டடி பின்னால் வந்தீர்கள், வெறுங்காலோடு. மிதித்தது உங்களுக்குத் தெரியவே இல்லை. அதற்கப்புறமும் ஒருமுறை வீசினீர்கள். டார்ச் வெளிச்சத்தில் ஈர மணல் கறுப்பாக இருப்பதை நான்தான் பார்த்தேன். சுண்டு விரலுக்குப் பக்கத்தில் முள் ஒடிந்து நின்றது. ஐயோ என்று கத்தியதும் நான்தான்.

"கெளுத்தி முள்ளா? உசிரு போற மாதிரி வலிக்குமேய்யா" என்று அந்தப் பெரியவர் உங்கள் முகத்தை ஆச்சரியமாகப் பார்த்தார். நீங்கள் சிரித்தீர்கள். "சேலத்து உடம்பு" என்றீர்கள். அவர் முள்ளைப் பிடுங்கிவிட்டு, "பொறுக்கிற சூட்டுல சுடுதண்ணியில வைங்க, விஷம் முறிஞ்சிடும்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. கடற்கரையில் எல்லோரும் செய்வதுதான். அந்த விஷம் ஒரு புரதம், சூட்டில் கெட்டுப்போகும், வலி இறங்கும் என்று டாக்டரும் பிற்பாடு சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, "வலியே இல்லாதவருக்கு எதுக்குங்க சுடுதண்ணி?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

லாட்ஜ் பையன் இரண்டு வாளி கொண்டுவந்தான். ஒன்றில் அடுப்பிலிருந்து இறக்கிய தண்ணீர், ஒன்றில் பச்சைத் தண்ணீர். "கொதிக்குது சார், விளாவிக்குங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். சொன்னான் மாமா. உங்கள் காதிலும் விழுந்தது.

இரண்டு மக் விளாவினேன். நீங்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து காலை விட்டீர்கள். "என்னடா, சூடே இல்ல" என்றீர்கள். இன்னும் சுடுதண்ணீர் ஊற்றினேன். "இன்னும் கொஞ்சம்" என்றீர்கள். ஊற்றினேன். நீங்கள் குனிந்து நரம்பில் விழுந்த சிக்கை எடுத்துக்கொண்டிருந்தீர்கள், அரை மணி நேரம், ஒரு முணுமுணுப்பு இல்லாமல். வாளியிலிருந்து டியூப்லைட் வரை ஆவி ஏறியது. அதைப் பார்த்தேன்.

வீட்டில் எல்லோரிடமும் கையை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றினேன் என்று சொல்லியிருக்கிறேன். அக்காவிடம் அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். விட்டுப் பார்க்கவில்லை.

பொறுக்கிற சூடு என்றார்களே, நான் உங்கள் முகத்தைப் பார்த்து அளந்தேன். முகத்தில் ஒன்றும் இல்லை. பட்டறையில் நெருப்போடு புழங்கிய மனுஷன், நம்மைவிடச் சூடு தாங்குவார் என்றுதான் நினைத்தேன். வேறு எப்படி நினைக்க? கைக்குழந்தைக்குத் தண்ணீர் விளாவும்போது முழங்கையை விட்டுப் பார்க்கத் தெரிந்தவன்தான் நான். அறுபத்தெட்டு வயது ஆளுக்குப் பார்க்கத் தோன்றவில்லை. இது சமாதானம் என்று எனக்கே தெரிகிறது.

அன்று சாயங்காலத்துக்கு முன்னால், மத்தியானம் நாம் எங்கே போய்விட்டு வந்தோம் என்பதை இங்கே எழுதவில்லை. தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர் காரைக்கால் என்பது படிக்கிறவர்களுக்குத் தெரியும். அவர்கள் நினைப்பதை நினைத்துக்கொள்ளட்டும்.

காலையில் நெல்லிக்காய் அளவுக்கு இரண்டு கொப்புளம், அதைச் சுற்றித் தோல் வெந்து வெளுத்திருந்தது. ஊருக்குப் போவோம் என்று நான் சொன்னதாக ஒரு கதை நம் வீட்டில் ஓடுகிறது. நான் சொல்லவில்லை, நீங்கள் மறுக்கவும் இல்லை. கிழங்கான் கடித்துக்கொண்டிருந்தது. துணியைச் சுற்றி, பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு இன்னும் இரண்டு நாள் நின்றோம். பைக்குள் மணல் போனது.

அப்புறம் சேலம். சுண்டு விரலும் அடுத்ததும் போன அன்று, உங்கள் பையன் துபாயிலிருந்து லாட்ஜுக்குப் பேசினான். நம்மையும் லைனில் சேர்த்துப் பேசினான். ஸ்பீக்கரில் போட்டிருந்தது. கொதிக்கிற தண்ணீரைக் கொண்டுவந்து வைத்த பையனை வேலையில் வைத்திருப்பீர்களா, கேஸ் போடுவேன் என்று கத்தினான். முதலாளி மன்னிப்புக் கேட்டு, அவனை இன்றே அனுப்பிவிடுகிறேன் என்றார். நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் முழித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர்கள். விளாவிக்குங்க என்று ஒரு வார்த்தை, யார் வாயிலிருந்தாவது வந்திருக்கலாம்.

என்மேல் உங்களுக்குக் கோபம் இருக்கிறது, இருக்கட்டும். எனக்கும் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு உங்கள் ஃபைலைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். 2022-லேயே எழுதியிருக்கிறது, இரண்டு பாதத்திலும் உணர்ச்சி குறைவு, வெறுங்காலோடு நடக்கக் கூடாது, எம்.சி.ஆர். என்கிற மெத்து ரப்பர் செருப்பு போட வேண்டும் என்று. அதை மடித்து பட்டறைக் கணக்கு நோட்டுக்குள் வைத்துவிட்டு, அதற்கப்புறம் இரண்டு தை என்னோடு வந்து வெறுங்காலோடு மணலில் நின்றிருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வாளி அறைக்குள்ளேயே வந்திருக்காது. தூண்டிலுக்கு வராதே என்று சொல்லிவிடுவேன் என்று பயமா? சொல்லியிருப்பேன்தான். (அக்கா, இதைப் படித்துவிட்டு அவரைத் திட்டாதே. திட்டினாலும் சாப்பிட்ட பிறகு திட்டு.)

எனக்கும் தெரியாது என்று சொல்ல முடியாது. 2023 மே மாதம் எல்லோரும் ஏற்காடு போனோம். பக்கோடா பாயிண்டில் வேர்க்கடலை தின்றுகொண்டே நடந்தோம். உங்கள் வலது கால் செருப்பு கழன்று விழுந்தது. நீங்கள் பாட்டுக்கு நடந்து போனீர்கள், பதினைந்து இருபது அடி. "மாமா, செருப்பு பின்னாடி வருது" என்று கத்தினேன், குழந்தைகள் எல்லாம் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. கீழே இறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒரு பேச்சில்லை. உங்களுக்குத் தலைசுற்றல் என்று நினைத்தேன். முப்பது வருஷம் அந்த மலைப் பாதையில் டிக்கெட் கிழித்தவன், யாருக்கு எந்த வளைவில் குமட்டும் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவேன். உங்கள் முகத்தில் அன்று இருந்தது அது இல்லை.

போன மாதம் எனக்கும் அந்தச் சோதனையைச் செய்தார்கள். எனக்கும் மூன்று மாதச் சர்க்கரை ஏழைத் தாண்டிவிட்டது, அக்காவிடம் சொல்லவில்லை. கண்ணை மூடச் சொல்லி, ஒரு நரம்பை வைத்துப் பாதத்தில் அங்கங்கே தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார்கள். கண்ணைத் திறந்து பார்த்தால் அசல் நம் தூண்டில் நரம்பு மாமா. நைலான். பத்து கிராம் அழுத்தினால் வளைகிற கனம். எனக்கு எல்லா இடத்திலும் தெரிந்தது. அந்த மேஜையிலேயே உட்கார்ந்துகொண்டு அழுதுவிட்டேன். நல்ல ரிசல்ட்டுக்கு ஏன் அழுகிறார் என்று நர்ஸம்மாவுக்குப் புரியவில்லை.

விரலில் அலையையும் மீனையும் பிரித்துச் சொன்ன ஆள் நீங்கள்.

பாத பூஜை வேண்டாம், பிள்ளைகள் முன்னால் அந்தக் காலை நீட்ட மாட்டேன் என்று நீங்கள் சொன்னதாக அக்கா சொன்னாள். வேண்டாம் என்றால் வேண்டாம், உங்கள் கால். ஆனால் கலசத் தண்ணீர் ஊற்ற என்னையும் கூப்பிடுவார்கள், அக்கா கூடப்பிறந்தவன் நான் ஒருத்தன்தான். பச்சைத் தண்ணீர்தான் அது. இருந்தாலும் குடத்துக்குள் கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவேன். சொந்தக்காரர்கள் என்ன நினைத்தாலும் சரி.

அந்தப் பையனை விசாரித்தேன். பொறையாரில் ஒரு டீக்கடையில் இருக்கிறானாம். முதல் நாளே போய்ப் பார்க்கிறேன். நீங்களும் வருவதென்றால் வாருங்கள், வரச் சொல்லிக் கேட்கவில்லை. உங்கள் பையன் ஊருக்கு வரும்போது அவனையும் கூட்டிப்போகத்தான் போகிறேன்.

சீருக்கு வெண்பட்டு வேட்டி அம்மாபேட்டையிலேயே எடுத்துவிட்டேன், அக்கா சேலைக்கு எங்கள் வீட்டில் இளம்பிள்ளை போயிருக்கிறாள். உங்கள் தூண்டில் என் பரண் மேலேதான் இருக்கிறது. சுருளில் துரு ஏறியிருந்தது, தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறேன். கொண்டுவரட்டுமா வேண்டாமா என்று அக்காவிடமாவது சொல்லி அனுப்புங்கள்.

குருக்களிடம் பேசி முகூர்த்தத்தை ஏழரைக்குள் முடிக்கச் சொல்லியிருக்கிறேன். வெயில் ஏறினால் பிரகாரத்துக் கல் சுடும். உங்களுக்குத் தெரியாது.

உங்கள்
மாப்பிள்ளை