எண்ணெய் தடவாதே கண்ணு

காவேரிப்பட்டணம்

கண்ணு,

நேற்று வீடியோவில் பேரனின் இடுப்பைக் காட்டினாயே, அவன் துறுதுறுப்புக்கும் கவனம் நிற்காததற்கும் (ADHD) டாக்டர் கொடுத்த மருந்து பேட்ச் ஒட்டிய இடம் மட்டும் கட்டம் போட்ட மாதிரி சிவந்து கிடந்தது. போன ஜூனில் இங்கே பெங்களூரா மாங்காய் பறிக்கிறேன் என்று குதித்து, காம்பு ஒடிந்து பால் கன்னத்தில் அடித்ததே, அதே சிவப்பு.

தோப்புக்குப் போகுமுன் கையில் எண்ணெய் பூசிக்கொள் என்று உன்னைப் பழக்கியவன் நான்தான். அந்தப் பழக்கத்தில் அவனுக்கும் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு பேட்ச் ஒட்டுகிறாயாமே! நீ அனுப்பிய மருந்துத் தாளை உன் தம்பி வரிவரியாகப் படித்துச் சொன்னான். இது நேர் தலைகீழ். ஒட்டும்போது தோல் சுத்தமாக, காய்ந்து இருக்க வேண்டும். எண்ணெய், லோஷன் எதுவும் ஆகாது. 9 மணி நேரம் கழித்து எடுக்கும்போதுதான் ஓரத்தில் எண்ணெய் விட்டு மெல்ல உரிக்கலாம். இன்று இடது இடுப்பு என்றால் நாளை வலது. பேன்ட் பட்டி உராயும் இடம் வேண்டாம். பேட்ச்மேல் சூடு வைக்காதே, மருந்து அதிகமாக உள்ளே இறங்கிவிடும்.

வெறும் சிவப்பு ஓரிரு நாளில் அடங்கும். வீங்கி, கொப்புளம் கட்டி, பேட்ச் அளவைத் தாண்டிப் பரவினாலோ, 48 மணி நேரத்திலும் குறையாவிட்டாலோ அலர்ஜியாக இருக்கலாம். அப்புறம் ஒட்டாதே, டாக்டரைக் கூப்பிடு. பேட்ச் இல்லாவிட்டால் மாத்திரை என்று நீயாக மாற்றவும் கூடாது. இரண்டிலும் மெத்தில்பெனிடேட் என்கிற அதே மருந்துதான். தோல் வழியாக ஒத்துக்கொள்ளாமல் போனது வாய் வழியாகப் போனாலும் தடிப்பைக் கிளப்பலாம். முகம் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ நேராக எமர்ஜென்சிக்குப் போ.

இன்னொன்று, சிலருக்குத் தோல் வெளுத்துப் போகிறதாம். 2015-இல் உங்கள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே (FDA) எச்சரித்திருக்கிறது. பேட்ச் படாத இடத்திலும் வரலாம், போன நிறம் திரும்பாமலும் போகலாம். அப்படி ஏதாவது தெரிந்தால், ஊரில் என்ன சொல்வார்களோ என்று மூடி மறைக்காதே. யாருக்கும் ஒட்டுகிற வியாதி இல்லை அது. சொந்தக்காரர் வாயை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வாலுப் பையனுக்கு எதற்கு மருந்து என்று அன்றைக்குக் கத்தினேன். அதனால்தான் இந்த அரிப்பை மூன்று வாரம் என்னிடம் சொல்லவில்லை என்று அம்மா சொல்கிறாள். சரி, அந்தப் பேச்சு என் தப்பு.

இடது, வலது என்று காலண்டரில் குறித்து வைக்க மாப்பிள்ளையிடம் சொல். நாளைக்கும் இடுப்பைக் காட்டு.

அப்பா