குழுவை ஊரே வாங்குவது பற்றி

அன்புள்ள பங்காளிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதி உன்னைச் சிரிக்கவைக்கப் போவதில்லை. சம்பா அறுத்தாயிற்று, நெல்லைப் போட்டுப் பணமும் ஏறிவிட்டது, தெளித்த உளுந்து பூவெடுக்கிறது. அம்மா உன்னைக் கேட்டாள்.

போனில் நீ கேட்ட விஷயம் உண்மைதான். நம் கபடிக்குழுவை இத்தனை வருஷமாகத் தாங்கிவந்த முதலாளி இனி முடியாது என்று சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பையன்களுக்குப் பனியன், ஷூ, வேன் வாடகை, மேட், அடிபட்டால் ஸ்கேன் வரைக்கும் அவர் பையிலிருந்துதான் போனது. இப்போது தொழில் மகன் கைக்குப் போய்விட்டது, மகனுக்குக் கபடி என்பது நோட்டில் ஒரு செலவு வரி, அவ்வளவுதான். திருப்பூர்ப் பக்கம் ஒருவர் குழுவை எடுத்துக்கொள்கிறேன் என்கிறாராம்: மேட், நல்ல ரைடர்கள் (எதிர்க்களத்துக்குப் பாடிப் போகிறவர்கள்) நாலு பேர், வாங்கிய சுழற்கோப்பைகளின் பெருமை, எல்லாம் சேர்த்து. நம் முதலாளி ஆடி வரைக்கும் அவகாசம் தந்திருக்கிறார். அதற்குள் ஊர்க்காரர்கள் எடுப்பதென்றால் விலையைக் கொஞ்சம் குறைத்தே தருகிறேன் என்றும் சொன்னார், பெரிய மனசுதான்.

இது நமக்கு மட்டும் வந்த கதை இல்லை. டிஎன்பிஎல்லில், அதுதான் தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட்டில், திருச்சி அணியைப் பார். 2016-ல் ரூபி திருச்சி வாரியர்ஸ், 2023-ல் பால்சி திருச்சி, 2024-ல் திருச்சி கிராண்ட் சோழாஸ். ஊர்ப்பெயர் மட்டும் நிற்கிறது, மற்றதெல்லாம் பணம் போடுகிறவர் இஷ்டம். நமக்கு அந்த ஊர்ப்பெயரும் நிற்காது போலிருக்கிறது.

சரி, உன் யோசனைக்கு வருகிறேன். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு நாமே வாங்கலாம், ஒரு ஆப் செய்து அடுத்து யார் ரைடு போவது, யாரை உட்காரவைப்பது என்று எல்லோரும் ஓட்டுப் போடலாம் என்றாய். முதல் பாதி எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். இரண்டாம் பாதியைத் தயவுசெய்து விட்டுவிடு. முப்பது செகண்ட் ரைடில் நீ சிங்கப்பூரிலிருந்து ஓட்டுப் போட்டு முடிப்பதற்குள் நம் பையன் போனஸ் புள்ளி எடுத்துத் திரும்பி வந்திருப்பான், அல்லது மண்ணைக் கவ்வியிருப்பான்.

வேடிக்கைக்குச் சொல்லவில்லை, இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். 2017-ல் அமெரிக்காவில் சால்ட் லேக் நகரத்தில் உள்ளரங்க அமெரிக்க ஃபுட்பால் (பந்தைக் கையில் பிடித்து ஓடும் ஆட்டம்) அணி ஒன்று, ஸ்கிரீமிங் ஈகிள்ஸ் என்று பெயர், ரசிகர்கள் போனில் ஓட்டுப் போட்டு அடுத்து என்ன ஆட்டம் போடுவது என்று முடிவு செய்தார்கள். அந்த ஒரு சீசனோடு சரி. அதைவிடப் பெரிய கதை இங்கிலாந்தில். 2007-ல் 'மைஃபுட்பால்கிளப்' என்று ஒன்று ஆரம்பித்தார்கள், தலைக்கு 35 பவுண்டு, முப்பதாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள், 2008 தொடக்கத்தில் எப்ஸ்ஃப்ளீட் யுனைடெட் என்ற ஐந்தாம் நிலை லீக் கால்பந்து அணியில் 75 சதவீதப் பங்கை வாங்கிவிட்டார்கள். உறுப்பினர்களே அணியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதுதான் விளம்பரம். நடைமுறையில் அது பழைய மேனேஜர் கையிலேயே இருந்தது, அதே வருஷம் மே மாதம் வெம்பிளியில் கீழ்நிலை அணிகளுக்கான எஃப்ஏ டிராஃபி கோப்பையும் ஜெயித்தார்கள். இதைவிட நல்ல முதல் வருஷம் யாருக்குக் கிடைக்கும்? ஆனாலும் அடுத்த வருஷம் சந்தாவைப் புதுப்பிக்கச் சொன்னபோது பெரும்பாலானவர்கள் வரவில்லை. வருஷா வருஷம் தேய்ந்து, 2013-ல் குவைத் பணம் உள்ள ஒரு கம்பெனி கைக்குப் போனது.

ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். சேர்ந்தவர்களில் ரொம்பப் பேர் அந்த ஊரையே பார்த்திராதவர்கள். அணி தோற்றால் மறுநாள் டீக்கடையில் தலைகுனிய வேண்டியதில்லை. ஒரு புது விளையாட்டு என்று வந்தார்கள், புதுசு தீர்ந்ததும் போய்விட்டார்கள். முதல் ரசீது கிழிக்கிற நாளில் யாரும் பணம் தருவார்கள் பங்காளி, இரண்டாம் வருஷம் வாசலில் போய் நிற்கும்போதுதான் தெரியும் யார் ரசிகன் என்று.

ஆள் தேர்வை ஓட்டுக்கு விடக்கூடாது என்பதற்கு புரோ கபடி லீக்கில் ஆடும் நம்ம தமிழ் தலைவாஸ் கதையே போதும். 2022-ல் பவன் செராவத்தை 2.26 கோடிக்கு எடுத்தார்களே, முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு நீ போனில் போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அப்புறம் என்ன ஆயிற்று? நரேந்தர் என்று அதுவரை யாருக்கும் பெரிதாகத் தெரியாத பையன் ரைடுக்குப் போய்ப் போய்ப் புள்ளி எடுத்தான், அந்த வருஷம்தான் தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதி பார்த்தது. ரசிகர்களிடம் ஓட்டு விட்டிருந்தால் பெயர் தெரியாத பையனுக்கு யார் போட்டிருப்பார்கள், நீ போட்டிருப்பாயா? தினமும் பிராக்டீஸில் நிற்கிறவனுக்குத்தான் எந்தப் பையன் கால் வேகமாக இருக்கிறது என்று தெரியும்.

அப்புறம் எதற்குத்தான் வாங்குவது என்று கேட்பாய். குழு ஊரைவிட்டுப் போகாமல் இருப்பதற்கு. எனக்கு அது ஒன்றே போதும்.

விம்பிள்டன் கதையைச் சொல்கிறேன் கேள். டென்னிஸ் நடக்கும் அதே இடம்தான், அங்கே ஒரு கால்பந்து கிளப்பும் இருந்தது. 2002 மே மாதம், அதை மில்டன் கீன்ஸ் என்ற வேறு ஊருக்குக் கொண்டுபோக உரிமையாளர்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். ரசிகர்கள் அழுது புலம்பிவிட்டு அடுத்த சில வாரங்களிலேயே ஏஎஃப்சி விம்பிள்டன் என்று புதிதாக ஒன்று ஆரம்பித்தார்கள். ஆட்டக்காரர்களைத் தேடப் பொதுத்திடலில் தேர்வு வைத்தார்கள், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று. அடிமட்ட லீக்கில் தொடங்கி, 2011-ல் தொழில்முறை லீக்குக்கு ஏறி, 2020 நவம்பரில் பழைய ஸ்டேடியம் இருந்த ப்ளவ் லேன் தெருவுக்கே திரும்பி வந்தார்கள். ரசிகர்களின் டிரஸ்ட் கையில்தான் கட்டுப்பாடு. அங்கே கோச் யாரை இறக்குகிறார் என்று யாரும் ஓட்டுப் போடுவதில்லை. டிரஸ்டுக்கு யார் வருவது, கிளப்பை விற்கலாமா கூடாதா, அதற்குத்தான் ஓட்டு.

இன்னொன்று கிரீன் பே. அமெரிக்காவில் ஒரு லட்சம் பேர் கொண்ட ஊர், நம்ம கும்பகோணத்தைவிடச் சின்னது, ஆனால் நாட்டின் பெரிய அமெரிக்க ஃபுட்பால் லீக்கில் அவர்கள் அணி இருக்கிறது, 1923 முதல் ஊர்மக்கள் பங்காக. பங்குக்கு லாபம் கிடையாது, விற்றுக் காசு பார்க்கவும் முடியாது. 2021-ல் ஒரு பங்கு 300 டாலர், அதையும் வாங்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது அவர்கள் ஆரம்பத்திலேயே எழுதிவைத்த ஒரு விதி. கம்பெனியைக் கலைத்தால் மிச்சப் பணம் பங்குதாரர்களுக்குப் போகாது, போரில் இறந்த சிப்பாய்களுக்கு நினைவிடம் கட்டப் போகும் என்று. பிற்பாடு அதை ஒரு அறக்கட்டளைக்கு என்று மாற்றினார்கள். விற்றால் யாருக்கும் பைசா இல்லை என்றால் விற்க யாருக்கு மனசு வரும்? நம்ம சங்கத்தின் விதியிலும் இதை முதலில் எழுத வேண்டும் என்று ஆடிட்டரிடம் சொல்லியிருக்கிறேன். சங்கமாகப் பதிய ஏழு பேர் போதுமாம், அது பெரிய பாடு இல்லை.

சின்ன லீக்கிலும் இது நிற்கும் என்பதற்கு அமெரிக்காவின் ராச்செஸ்டர் ஊர் அணி. பேஸ்பால். அதைச் சொந்தமாக வைத்திருந்த பெரிய லீக் அணி கைகழுவியபோது, மோரி சில்வர் என்ற வியாபாரி முன்னால் நின்று 1957-ல் ஊர்க்காரர்கள் 8,222 பேரிடம் பங்கு விற்று வாங்கினார்கள். எத்தனையோ அணிகள் ஊர் மாறிப் போனபோதும் இது அங்கேயே ஆடிக்கொண்டிருக்கிறது.

இனி நம்ம கணக்கு. இங்கே எல்லோரும் சொல்வது, திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுகிற மாதிரி போட்டுவிடலாம் என்று. நான் எதிர்த்தேன், கொஞ்சம் கசப்பும் ஆனது. தலைக்கட்டு வரி யாரிடம் வாங்குவார்கள் என்று உனக்கே தெரியும். ஊர்த்தெருவோடு நின்றுவிடும், காலனிக்குப் போகாது. குழுவில் பாதிப் பேர் காலனிப் பையன்கள், மன்னார்குடி மின்னொளிப் போட்டியில் கடைசி ரைடு போய்க் கோப்பையைக் கொண்டுவந்தவனும் அங்கேதான் இருக்கிறான். களத்தில் அவன் தொடையைப் பிடித்துத் தூக்கிக் கொண்டாடிவிட்டு, குழுவை வாங்கும்போது உன் அப்பா பெயர் வரிநோட்டில் இல்லை என்று சொன்னால் அது எந்த ஊர்? போதாததற்கு தலைக்கட்டு என்றால் ஆண்பிள்ளை மட்டும். மேட் ஓரத்தில் நின்று விசிலடிக்கிற பெண்பிள்ளைகளுக்கு நோட்டில் இடமே இல்லை.

அதனால் பஞ்சாயத்து வழியாக வேண்டாம், ஆள் ஆளாகச் சேரட்டும், ஐந்நூறு கொடுத்தாலும் ஐம்பதாயிரம் கொடுத்தாலும் ஒரு ஓட்டு என்றேன். பெரிய தொகை தரத் தயாராக இருந்த ஒருவர் எழுந்து போய்விட்டார். போகட்டும். அவர் பணத்தில் நடத்துவதற்கு இப்போதிருக்கிற முதலாளியே மேல். கணக்கு வழக்கை மகளிர் குழுவில் இருக்கும் ஒருவரிடம் கொடுக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறேன். நம்ம ஊரில் வாராவாரம் ஒரு ரூபாய் பிசகாமல் கணக்கு எழுதுகிறவர்கள் அவர்கள்தான், நாமெல்லாம் டீக்கடைப் பாக்கிக்கே சண்டை போடுகிறவர்கள்.

வசூல் எப்போது என்பதும் முக்கியம். வருஷச் சந்தாவை மாசியில் வாங்கவேண்டும், சம்பா பணம் கையில் இருக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்துவிட்டால் இருப்பதெல்லாம் உழவுக்கும் விதைக்கும் போய்விடும், அப்போது கபடி என்று போய் நின்றால் நானே கதவைச் சாத்துவேன். வாங்குவதற்கு ஒரு தரம் போடும் பணத்தை விட இந்த வருஷச் சந்தாதான் எனக்குக் கவலை. வேனும் சாப்பாடும் பையன்களின் பயணப்படியும் அதிலிருந்துதான். கோவைப் பக்கம் போட்டி என்றால் மன்னார்குடியில் செம்மொழி எக்ஸ்பிரஸ் ஏற்றிவிடலாம், வேன் செலவு பாதியாகும் என்று கோச் சொல்கிறார், அவர் இப்படி யோசிப்பது எனக்கு நிம்மதி. அடிபட்டால் பார்க்கத் தனியாக ஒரு தொகையை ஒதுக்கி, அதைக் கமிட்டியும் தொடக்கூடாது என்று எழுதிவிடப் போகிறோம்.

இப்போது உன் பங்கு. அங்கிருக்கும் நம்ம ஆட்களிடம் சேர்த்து அனுப்புகிறேன் என்றாய், நல்லது. ஆனால் ஆடிட்டர் ஒன்று சொன்னார். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் சொந்தச் சம்பாத்தியத்தில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது, சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியவர் தந்தால் வரும், அதற்கு மத்திய அரசிடம் பதிவோ முன் அனுமதியோ வேண்டும், இல்லாவிட்டால் சங்கம் சிக்கலில் மாட்டும். உன் மச்சான் குடியுரிமை மாற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டேன், அவர் பணத்தை உன் கணக்கில் போட்டு அனுப்பும் வேலையெல்லாம் வேண்டாம். அவர் ஊருக்கு வரும்போது மேட்டில் நின்று விசிலடித்தால் போதும். மற்றவர்களில் யார் யார் எந்தப் பாஸ்போர்ட் என்று ஒரு பட்டியல் போட்டு வாட்ஸப்பில் அனுப்பு, வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கிறது, அதற்கு முன்னால் வந்தால் நல்லது.

அன்புடன்,
உன் பங்காளி